கழுநீர்த் தொட்டியில் காசித்தும்பை

என்னைப் பெண் பார்க்க வந்த முதல் கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு போனது. இரண்டாவது கூட்டம் கொஞ்சம் நாகரிகமானது. இருந்த நேரம் முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இரண்டு வீட்டாரும் செருப்பை மாட்டும்போது ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: நல்ல நாள் பார்த்துச் சொல்லி அனுப்புகிறோம். அதற்குப் பிறகு சிங்கப்பூரில் நல்ல நாளே வரவில்லை போலிருக்கிறது. ஆள் அனுப்பவே இல்லை.

குற்றம் எங்கள் மாடுகளுடையது. சிராங்கூன் ரோட்டிலிருந்து குதிரைப் பந்தயத் திடலுக்குத் திரும்பும் வண்டிப் பாதையில், பனையோலை மாதிரி அத்தாப்பு ஓலை வேய்ந்த எங்கள் வீடு இருந்தது. அப்பா பால்காரர். வீட்டை ஒட்டியே மாட்டுக் கொட்டகை. அந்த வட்டாரமே அன்றைக்கு மாடும் சேறும் புல்லுக்கட்டுமாகத்தான் இருக்கும், ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் மட்டும் அதை அன்றுதான் கண்டுபிடித்த மாதிரி முகத்தைச் சுளித்தார்கள். எனக்குப் பத்தொன்பது முடிந்திருந்தது. என்னோடு விளையாடியவர்கள் இடுப்பில் பிள்ளையோடு கோயிலுக்கு வந்துகொண்டிருந்தார்கள். எனக்குக் கல்யாணம் வேண்டும் என்ற ஆசை இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாகவும் இருந்தது, வந்தவர்களின் மூக்கை நினைத்தால் எரிச்சலாகவும் இருந்தது.

அம்மா நான் சிறுமியாக இருந்தபோதே போய்விட்டாள். அதனால் என் கல்யாணக் கவலையை அம்மாவின் தங்கை எடுத்துக்கொண்டாள். சித்தப்பா தங்லின் பக்கத்தில் ஒரு துரை பங்களாவில் தோட்டக்காரர். சித்தி அந்தப் பங்களாவில் பார்த்ததை எல்லாம் எங்கள் வீட்டில் நடத்திக் காட்டத் துடிப்பவள். இரண்டாவது கூட்டம் போன மறுநாள் வந்து இறங்கினாள்.

"இங்க பாருங்க அத்தான், தொரைசானி குதிரைக்குத் தண்ணி காட்டுன பழைய தொட்டியில ரோசாச் செடி வெச்சிருக்கா. வர்றவங்க எல்லாம் நின்னு பாத்துட்டுப் போறாங்க. அதே மாதிரி தொட்டி நம்ம வாசல்லயும் கெடக்குது. இங்க எல்லாரும் ஓடுறாங்க."

அவள் சொன்னது ஒருவகையில் உண்மைதான். எங்கள் வாசல் பழைய சாமான்களின் சத்திரம். விரிசல் விட்ட கருங்கல் கழுநீர்த் தொட்டி, ஆரக்கால் இரண்டு உளுத்துப்போன வண்டிச் சக்கரம், வண்டி போன பிறகும் மிஞ்சிய நுகத்தடி, குழவி தொலைந்த பருத்திக்கொட்டை ஆட்டும் உரல் என்று எல்லாம் மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து கிடந்தன. போதாததற்கு ஒரு பெரிய இரும்புக் கொப்பரை. அது சாயத்துக்காகக் கம்பீர் இலை காய்ச்சும் சீனர் தோட்டம் ஒன்றை மூடியபோது அப்பா புண்ணாக்கு ஊறவைக்க வாங்கி வந்தது. வந்த வருஷமே பக்கவாட்டில் வெடித்துவிட்டது. எதையும் அப்பா தூக்கிப் போட மாட்டார், அடுப்பில் வைக்கவும் விட மாட்டார். மாட்டுக்காக உழைத்த சாமானை எரித்துச் சோறு பொங்கினால் அது உடம்பில் ஒட்டாது என்பார்.

தொட்டியில் செடி வைக்க அவர் சம்மதிக்கவில்லை. "மாடு வாய் வெச்ச தொட்டியில மண்ணப் போடச் சொல்றியா?" என்று கேட்டார். அவருக்குத் தொட்டி என்பது மாட்டின் சாப்பாட்டுத் தட்டு. சோற்றில் மண்ணைப் போடுவது எங்களுக்குள் சும்மா சொல்கிற பேச்சா? அதோடு, ஊரில் தொட்டியில் மண் மூடிக் கிடந்தால் அந்த வீட்டில் மாடு அற்றுப்போய்விட்டது என்று அர்த்தம். நோய் வந்து கொட்டகையே காலியான வீடுகளை அப்பா பார்த்திருக்கிறார். மாடுகளுக்கு வேறு மரத்தொட்டி வந்து வருஷங்கள் ஆகியும், இந்த உடைந்த கல்தொட்டியை அவர் கழுவிக் கவிழ்த்துத்தான் வைத்திருந்தார்.

சித்தி விடுவாளா? அப்படியென்றால் தொட்டியையும் பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருங்கள் என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தாள். அப்பா என்னைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார். அதைச் சம்மதம் என்று சித்தி எடுத்துக்கொண்டாள்.

யோசனை சித்தியுடையது, முதுகு என்னுடையது. அவள் வாரம் ஒருமுறை வந்து விரலை நீட்டுவாள்; நான் மண் சுமந்தேன். எருவுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமா? மக்கிய சாணத்தையும் ஆற்று மணலையும் கலந்து தொட்டியில் நிரப்பினேன். அடுத்த வீட்டு மலாய்க்கார அக்கா ஒரு முடிச்சுக் காசித்தும்பை விதை கொடுத்தாள். விரிசல் விட்ட தொட்டியாயிற்றே, தண்ணீர் தேங்காமல் வடிந்துவிட்டது. காசித்தும்பைக்கு அதுதான் பிடிக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. மாட்டுக்கு ஆகாமல் போன குறையே செடிக்கு வசதியாகிவிட்டதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

அப்புறம் சித்தி விரலை நீட்டவே வேண்டியிருக்கவில்லை. எனக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. சக்கரத்தைக் கழுவி வேலியில் சாய்த்து அவரைக் கொடியை ஏற்றினேன். உளுத்துப்போன இரண்டு ஆரக்காலுக்குப் பதில் கயிறு கட்டிவிட, கொடி அதையும் பிடித்துக்கொண்டது. கொப்பரையின் வெடிப்பு மேல்பாதியில்தான் இருந்தது. கீழ்ப்பாதியில் தண்ணீர் நிற்கும். பின்பக்கத்துச் சதுப்பிலிருந்து முழங்கால் சேறோடு அல்லிக் கிழங்கு கொண்டுவந்து அதில் போட்டேன். உரலில் துளசி வைத்தேன். நுகத்தடியை இரண்டு கம்பத்துக்கு நடுவே கட்டி, காளைகளின் கழுத்து இருந்த இடத்தில் தேங்காய்ச் சிரட்டைகளைத் தொங்கவிட்டு, அவற்றில் பட்டு ரோஜாவை வளர்த்தேன். தொட்டி ஓரத்தில் ஒரே ஒரு கனகாம்பரச் செடி. அதை மட்டும் சித்தப்பாவிடம் கெஞ்சி வாங்கினேன்.

விடிந்ததும் முதல் வேலை போய்ப் பார்ப்பது. எந்தச் செடி எத்தனை இலை விட்டது என்று பார்த்துவிட்டுத்தான் பால் கறக்க உட்காருவேன். பெண் பார்க்க யாராவது வருவார்களோ மாட்டார்களோ, அந்த வாசலில் எனக்கென்று ஒன்று வந்துவிட்டது. அதை நினைத்தால் எனக்குள் சிரிப்பு வரும்.

அழகு போதவில்லை என்று சித்திக்கு மட்டும் குறை. ஒருநாள் சுண்ணாம்பும் காவியும் கொண்டுவந்து தொட்டிக்கு வெள்ளையும் சிவப்புமாகப் பட்டை அடித்துவிட்டாள். பங்களா மாதிரி இருக்கும் என்று நினைத்தாள். எங்கள் ஆட்களுக்கு அது கோயில் மதில் மாதிரி இருந்தது. போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். ஒரு பெரியவர் கற்பூரமே ஏற்றிவிட்டார். இது எந்தச் சாமி என்று அவர் கேட்டபோது, மாடு குடிக்கிற தொட்டி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புதுசாக வந்த சாமி என்றேன். அப்பா கொட்டகைக்குள்ளிருந்து சிரித்தது வாசல் வரை கேட்டது.

மாட்டுப் பொங்கல் வந்தது. மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு நீலமும் சிவப்பும் பூசி, மாட்டோடு சம்பந்தப்பட்ட எல்லாச் சாமான்களுக்கும் அப்பா சந்தனமும் குங்குமமும் வைத்தார். கயிறு, பால் செம்பு, மரத்தொட்டி எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தவர், காசித்தும்பைத் தொட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதற்கும் ஒரு பொட்டு வைத்தார். நுகத்தடிக்கும் வைத்தார். எங்கள் பெரிய மாடு செவலை மட்டும் பொங்கல் இலையை விட்டுவிட்டு என் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது. அது கன்றாக இருந்தபோது தண்ணீர் குடித்த தொட்டி. மாலை வீடு திரும்பும்போதெல்லாம் கழுத்தை நீட்டிப் பார்க்கும். மூங்கில் தடுப்பு கட்டி வைத்திருந்தேன்.

அந்த வாரமே மூன்றாவது கூட்டம் வருவதாகத் தகவல் வந்தது. தேக்காப் பக்கத்தில் பலகாரக் கடை வைத்திருந்தவர்கள். பையன், அப்பா, அம்மா மூன்று பேரும் வருவார்களாம். கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மாள் மூலமாக வந்த சம்பந்தம். பையனை நான் முன்பே பார்த்திருந்தேன். கடையில் ஜாங்கிரி பொட்டலம் கட்டிக்கொண்டிருப்பான். நூலைப் பல்லால் கடித்துத் துண்டிப்பான். அதற்குமேல் ஒன்றும் தெரியாது. ஆனாலும் இந்தக் கூட்டமும் மூக்கைப் பொத்திக்கொண்டு போனால் என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது.

சித்திக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கவேண்டும். அன்றைக்கு ஒரு மாடுகூட வீட்டில் இருக்கக்கூடாது என்று அப்பாவிடம் கட்டளை போட்டாள். அப்பா மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டியது எனக்கே ஆச்சரியம். காலையில் கறந்து முடித்ததும் மாடுகள் பந்தயத் திடலுக்கு அந்தப்பக்கம் ஒரு தெரிந்தவரின் கொட்டகைக்குப் போயின. எங்கள் கொட்டகையைச் சித்தி தென்னங்கீற்றுத் தட்டியால் மறைத்தாள். சாணி வாடைக்குச் சாம்பிராணி போட்டாள். அவள் போட்ட புகையில் எனக்கே என் கை தெரியவில்லை. நான் உள்ளே புடவை கட்டிக்கொண்டிருந்தபோது பின்பக்க விறகுக் கொட்டகையில் கன்றுக்குட்டி ஒன்று கத்தியது. அப்பா கன்றுகளை அனுப்ப மறந்துவிட்டார் என்று நினைத்தேன். கொசுவத்தை மறுபடி மடிக்க வேண்டியிருந்ததால் அதை அதோடு விட்டுவிட்டேன்.

வந்தார்கள். பையனின் அப்பா புகையில் இருமினார். பையனின் அம்மா நல்ல வாட்டசாட்டம், கண் ஒரு இடத்தில் நிற்காது. எங்கள் ஆட்களில் பெண் பார்க்க வருகிறவர்கள் நேராகப் பெண்ணைப் பார்ப்பதில்லை. கால் கழுவுகிற சாக்கில் வாசலைச் சுற்றி வருவார்கள், கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள், விறகு எப்படி அடுக்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள். அதில் பாதி கல்யாணம் முடிவாகிவிடும். அந்த அம்மாவும் காலைக் கழுவிக்கொண்டு என் தோட்டத்துக்கு வந்தார். நான் ஜன்னல் இடுக்கில் நின்றுகொண்டிருந்தேன். பூக்களைப் பார்த்துச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். தொட்டியைப் பார்த்ததும் அவருடைய முகம் விழுந்துவிட்டது.

"தொட்டியில மண்ணு போட்டிருக்கீங்களே மதினி. எப்பப் போச்சு?" என்று சித்தியிடம் மெல்லக் கேட்டார்.

சித்திக்கு வாயெல்லாம் பல். "அதெல்லாம் ஒழிச்சுக்கட்டி ரொம்ப நாளாச்சு. இப்ப வீடு சுத்தம்" என்றாள்.

அந்த அம்மா உள்ளே வந்து உட்கார்ந்தார். பையனின் அப்பா காதில் ஏதோ சொன்னார். சித்தி கொண்டுவந்து வைத்த பால்கோவாவை யாரும் தொடவில்லை. நான் போய் நின்று, விழுந்து கும்பிட்டு எழுந்தேன். அந்த அம்மா என்னை இரக்கத்தோடு பார்த்தார். உள்ளே திரும்பிய என் காதில் அந்த வாக்கியம் வந்து விழுந்தது. நல்ல நாள் பார்த்துச் சொல்லி அனுப்புகிறார்களாம்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. மாடு இருந்தாலும் குற்றம், இல்லாவிட்டாலும் குற்றம். இவர்களுக்கு என்னதான் வேண்டும்? அடுப்படிச் சுவரில் தலையைச் சாய்த்து நின்றேன். இனிமேல் எவன் வந்தாலும் அவன் முன்னால் நான் போய் நிற்கப்போவதில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியே அவர்கள் செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் மணிச்சத்தம். செவலையின் கழுத்து மணி எனக்குத் தெரியாதா?

பால் கறக்கிற நேரம் ஆகியிருந்தது. வேலிக்கு மேலே முதலில் நீலமும் சிவப்புமாகக் கொம்புகள் தெரிந்தன. விறகுக் கொட்டகையிலிருந்து கன்றுகள் எல்லாம் ஒரே குரலாகக் கூப்பிட்டன. வேலிப் படலை நெஞ்சால் தள்ளிக்கொண்டு செவலை வந்தது. அதன் பின்னால் மற்றவை. செவலைக்கு மட்டும் கன்றைவிட முக்கியமான காரியம் ஒன்று பாக்கி இருந்தது. நேராகத் தொட்டிக்குப் போய், மூங்கில் தடுப்பைச் சாய்த்துவிட்டு, காசித்தும்பையை வேரோடு இழுத்து மெல்லத் தொடங்கியது. இன்னொன்று சக்கரத்திலிருந்து அவரைக் கொடியை உருவியது. ஒன்று கொப்பரைக்குள் காலை விட்டு அல்லியை மிதித்தது. சித்தி முறத்தைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடினாள்.

நான் பெண் என்பதையும் மறந்தேன், அதிலும் அன்றைக்கு அவர்கள் பார்க்க வந்த பெண் என்பதையும் மறந்தேன். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிப்போய்ச் செவலையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தேன். "வீட்டுல தின்னது போதாதாடி ஒனக்கு? எம் பூவுதான் கெடச்சுதா? நில்லுடி, நில்லு. காலை எடு" என்று என் வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். செவலை நின்றது. வாயோரத்தில் ஒரு ரோஜாநிறப் பூ தொங்கிக்கொண்டிருந்தது.

யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். அந்தப் பையனின் அம்மா வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்தது.

"மாடெல்லாம் செத்துப்போச்சுன்னுல்ல நெனச்சேன். மாடு அத்துப்போன வீட்டுல எப்படிப் பொண்ணு எடுக்கிறதுன்னு மனசே இல்லாம கெளம்புனேன். இத்தன மாட்ட வெச்சிக்கிட்டு எதுக்கு மதினி மறைச்சீங்க?"

சித்தி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு அந்த அம்மாவே எல்லாம் சொன்னார். அவர்கள் வந்ததே பால்காரர் வீட்டுப் பெண் என்பதற்காகத்தான். கடையில் பால்கோவாவுக்கும் தயிருக்கும் வாங்குகிற பாலில் பாதி ரோச்சோர் ஆற்றுத் தண்ணீர் என்று அவருக்குச் சந்தேகம். பாலைக் கையில் தொட்டுப் பார்த்தே நல்லது கெட்டது சொல்கிற மருமகள் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். ஆனால் மாட்டைப் பற்றிப் பெண் வீட்டில் வாய்விட்டுக் கேட்டால் மாட்டுக்காக வந்தவர்கள் என்று ஆகிவிடுமே, அதனால் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் மரியாதையாக இருந்து என் கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தோம்.

மடி கனத்துப் பால் சொட்டிக்கொண்டிருந்ததால் அப்போதே கறக்க வேண்டியிருந்தது. அந்தப் பட்டுப்புடவையோடேயே உட்கார்ந்து கறந்தேன். அந்த அம்மா பக்கத்தில் குந்திக்கொண்டு செம்பில் நுரை ஏறுவதைப் பார்த்தார். அந்தப் பாலில் போட்ட காப்பியைக் குடித்துவிட்டுத்தான் வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். பால்கோவா ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.

பையன்? அவன் தோட்டத்துக்கு நடுவே நின்றான். மாடுகள் மேயும்போது எதையாவது காப்பாற்றலாம் என்று பாய்ந்திருக்கிறான் போல. கையில் அந்தக் கனகாம்பரச் செடி, வேரில் மண்ணோடு. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தான். நானும் நன்றாகப் பார்த்தேன். எனக்கு அவனைப் பிடித்துவிட்டது.

எல்லாரும் போன பிறகு தோட்டத்தைப் பார்த்தேன். தொட்டியில் மண்ணும் குளம்படியும்தான் இருந்தன. அப்போது அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று சித்தி அணைத்துக்கொண்டாள். நான் பூவுக்காகத்தான் அழுதேன்.

அப்பா சக்கரத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தார். அவரிடம் போய், "கன்னுக்குட்டிகள அனுப்ப மறந்துட்டீங்களாப்பா?" என்று கேட்டேன்.

"பால்காரன் கன்ன மறப்பானா?" என்றார். சக்கரத்தை வேலியில் சாய்த்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். "மாட்டப் பாத்து மொகம் சுளிக்கிற வீட்டுக்கு ஒன்னக் குடுக்க எனக்கு மனசில்ல தாயி. கட்டாம விட்டா கன்னத் தேடித் தாய் வந்துரும்; அவங்க பாக்கட்டும்னுதான் விட்டேன். செவல பூவுக்குப் போவான்னு மட்டும் நெனக்கல."

ஒருவேளை அந்த அம்மாவும் மூக்கைப் பொத்தியிருந்தால் அப்பாமேல் எவ்வளவு கோபம் வந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். கோபம் வரவில்லை. அவர் தோளில் ஒட்டியிருந்த அவரை இலையை எடுத்துப் போட்டேன்.

கல்யாணம் முடிந்து நான் கடை வீட்டுக்குப் போன மறுவாரம் வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. அப்பாவும் இரண்டு பேரும் அந்தக் கருங்கல் தொட்டியை இறக்கினார்கள். சித்தி அடித்த காவிப் பட்டை இன்னும் போகவில்லை. மாமியார் காப்பி போட உள்ளே போனார். என் வீட்டுக்காரர் கனகாம்பரத்தைப் பின்பக்கத்திலிருந்து எடுத்துவந்தார். அதுவரை அதை ஒரு பழைய எண்ணெய்ச் சட்டியில் வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வண்டியில் சாக்கு மூட்டை ஒன்றும் இருந்தது. மாட்டுத்தொட்டியில் மண் படக்கூடாது என்ற என் அப்பா, அந்தச் சாக்கைப் பிரித்து, இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் தொட்டியை அவரே நிரப்பினார்.